ஒன்பது டிக்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு லிஃப்ட் சோதித்தேன். எல்லா அட்டையிலும் ‘கோளாறு இல்லை’ என்று வரிசையாக டிக், கையெழுத்து, ஆறு மாதம் தள்ளி அடுத்த சோதனைத் தேதி. கண்ணை மூடிக்கொண்டே போடுவேன்.

தங்கைக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம். குழந்தை அழுதால் அவளும் அழுகிறாள். அது நிறுத்தினாலும் இவள் நிறுத்துவதில்லை. நாளை நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் திடமான ஆள் நான்தானாம்!

மார்ச் 5, புதன்

டாக்டரம்மா தங்கைக்கு ஒன்பது கேள்வி உள்ள தாள் கொடுத்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, சரியாகிவிடும் என்றார்.

அவள் சும்மா இருந்தாளா? “அக்காவுக்கும் ஒண்ணு குடுங்க டாக்டர். அவ சந்தோஷமா இருந்து ஆறு வருஷமாச்சு.”

திமிர்! அரை நிமிடத்தில் முடித்து நீட்டினேன். தங்கை எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள், ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு.

“அக்கா, நீ படிக்கவே இல்ல. லிஃப்ட்டுக்குப் போடற மாதிரி போட்டிருக்கே. கீழே அடுத்த சோதனை தேதி வேற!”

செப்டம்பர் 5 என்று எழுதித்தான் இருந்தேன். மானம் கப்பலேறியது. டாக்டரம்மா சிரிக்காமல் புதுத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

மார்ச் 6

மனச்சோர்வாம், எனக்காம். ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா? ஒரு சொட்டுக் கண்ணீர்?

டாக்டரம்மா நேற்று சொன்னது மண்டையைக் குடைகிறது. “எல்லாருக்கும் ஒரே மாதிரி வராதும்மா. சிலர் படுக்கையை விட்டே எழ மாட்டாங்க. சிலர் கொஞ்ச நாள் தலைகால் தெரியாம குதிப்பாங்க, அப்புறம் அப்படியே விழுந்துடுவாங்க. சிலர் வருஷக்கணக்கா வேலைக்குப் போவாங்க, ஜோக்கடிப்பாங்க, உள்ள ஒண்ணுமே இருக்காது. அவங்கதான் லேட்டா வருவாங்க.”

நான் எங்கே வந்தேன்? தங்கைக்குத் துணையாகப் போனேன், மாட்டிவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

தாளைப் படித்தேன். ஒன்பதாவது: செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா?

தோன்றும். பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. அது எல்லோருக்கும் தோன்றுவதுதானே?

தங்கையிடம் கேட்டேன். குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்.

“இவ்ளோ அழறேன், எனக்கே அது தோணலைக்கா.”

என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பயமாக இருக்கிறது. அய்யோ, ரொம்பப் பயமாக இருக்கிறது.

மார்ச் 10

தாளில் உண்மையை எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மாத்திரை, வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேச்சு. அம்மா, “உனக்கென்னடி குறைச்சல்?” என்றாள். ஒன்றுமில்லை, அதுதானம்மா வியாதி.

ஏப்ரல் 2

மாத்திரையால் வாய் வறண்டு கிடக்கிறது. தங்கை பாடுகிறாள், குழந்தை அலறுகிறது. குழந்தை பக்கம்தான் நியாயம்.

செப்டம்பர் 5, வெள்ளி

“நீங்க குடுத்த தேதிதான்” என்று அதே ஒன்பது கேள்வியோடு புதுத் தாளை நீட்டினார் டாக்டரம்மா. முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. தூக்கம் இன்னும் சரியில்லை, அதை அப்படியே போட்டேன். ஒன்பதாவதற்கு ‘இல்லை’.

இந்தத் தடவை படித்துவிட்டுப் போட்டேன்.