நீ பார்த்த மேடு

இன்று மதியம் ஆய்வுக்கூடத்தில் ட்யூப்லைட் போட்டேன். கண்ணைச் சிமிட்டி, கொஞ்சம் யோசித்து, பிறகுதான் எரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே உன் முகம்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் உனக்குச் சிரிப்பு வரும். அதனால் உனக்கு ட்யூப்லைட் என்று பெயர் வைத்தோம். "லேட்டா எரிஞ்சாலும் எரியுதுல்ல, உனக்கு இன்னாடி?" என்பாய். நெமிலிச்சேரிக்காரியின் வாயை அடைக்க, ஆவடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த இந்தத் தென்காசிக்காரியால் என்றைக்கு முடிந்தது?

பேரியம் டைட்டனேட் மாவை அழுத்திச் சுட்ட வில்லைகளோடுதான் நம் பொழுதெல்லாம் போனது. பச்சை லேசரை அதன்மேல் அடித்தால், திரும்பி வரும் ஒளியில் துளியூண்டு மட்டும் நிறம் மாறி வரும். ராமன் நிறமாலையாக அதை வரைந்தால், உள்ளே அணுக்கள் அதிர்வது மேடு மேடாகத் தெரியும். சாதாரண வெப்பத்தில் அதன் நடு அணு சரியாக நடுவில் நிற்காது, சற்றே விலகி நிற்கும். ஃபெர்ரோஎலக்ட்ரிக் என்கிறோமே, அந்தக் குணம் அந்த விலகலால் வருவது. சூடு ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அணு நடுவுக்கு வந்துவிடும். அதற்குமேல் மேடுகள் மறைந்துவிட வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

உன் வில்லையில் ஒரு மேடு மறையவில்லை.

"ஊட்டைக் காலி பண்ணிக்கினு போனாலும் செவுத்துல படம் மாட்ன தடம் கீதுல்ல, அந்த மாதிரிடி" என்று குதித்தாய். நம் பேராசிரியர் திரையைப் பார்த்துவிட்டு, "இது ட்யூப்லைட் கோடும்மா. ரூம் வெளிச்சம் உள்ள போயிருக்கு, விட்டுடு" என்றார். அறையே சிரித்தது. அன்றைக்கு மட்டும் நீ எல்லாரோடும் சேர்ந்தே சிரித்தாய். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

மழை நாட்கள். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. "மழை உடட்டும், ரூமை இருட்டாக்கிட்டு மறுக்கா எடுக்கிறேன்" என்றாய். மழை விட்டது. அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அவ கண்டுபுட்ச்சது நெசந்தானா? காய்ச்சல்லகூட அதையேதான் சொல்லிக்கினு இருந்துச்சு." பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

நீ இங்கிருந்து போய்விட்டதாகவே எனக்குத் தோன்றுவதில்லை. யாராவது வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போன பின், காலி அறையில் சற்றுப் பொறுத்து ஒரு சிரிப்பு கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. கேட்காத நாளில் இன்னும் பயமாக இருக்கிறது.

நம் ஆய்வுக் கட்டுரை இந்த வாரம் இதழுக்குப் போகிறது. "ஒருவாட்டி பாத்துடு, இல்லன்னா அவ பகுதிய எடுத்துடலாம்" என்றார் பேராசிரியர். அந்தப் பகுதி போனால் உன் பெயரும் போய்விடும். அதனால்தான் இன்று வில்லையை எடுத்தேன். போட்ட விளக்கை அணைத்தேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி மாட்டினேன். சூடு ஏற ஏற மேடுகள் அடங்கின. நீ பார்த்த இடத்தில் இருந்த கூர்மையான கோடு இருட்டில் காணாமல் போயிருந்தது. பேராசிரியர் சொன்னது சரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு கவனித்தேன். அந்தக் கோடு இருந்த இடத்துக்கு அடியில், அகலமாக, தாழ்வாக, ஒரு மேடு. இன்னும் சூடேற்றினேன். காத்திருந்தேன். அது போகவில்லை. இவ்வளவு நாளும் ட்யூப்லைட் வெளிச்சம் அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

உன் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "நெசந்தாம்மா. அவ சொன்னது நெசந்தான்."

அம்மா மெல்லக் கேட்டார்: "அவகிட்ட சொல்லிட்டியாம்மா?"

இல்லை என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.