யாருக்கும் முறை இல்லாத ஆட்டம்

அன்பு மகளுக்கு,

நீ உருவாக்கி அனுப்பிய போர் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஆடினேன். சதுரங்கப் பழக்கத்தில் ஒரு வீரனை நகர்த்திவிட்டு, எதிரி ஆடட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தேன். அதற்குள் எதிரி புகுந்து, என் தங்கச் சுரங்கம் எரிந்து, கோட்டையும் போயிற்று.

"என்ன வாத்தியாரே, கோட்டை விட்டுட்டீங்களா?" என்று உன் அம்மா சிரித்தாள்.

இதுவரை யாரும் பார்க்காத ஆட்டத்தை எவன் வாங்குவான், சதுரங்கம் போல ஆள் மாற்றி ஆள் ஆட முறை வை, இல்லையேல் வேலையை விடு என்கிறார் உன் முதலாளி. அப்பாவுக்குப் பிடிபடாவிட்டால் விட்டுக்கொடுக்கிறேன் என்கிறாய் நீ. மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. உனக்கோ நிறைமாதம்.

"புரியலைன்னு எழுதிடுங்க. வேலை நிலைச்சு பிள்ளை பிழைச்சுக்கும்" என்கிறாள் அம்மா. அப்படித்தான் எழுதினேன், கிழித்துவிட்டேன்.

ஏனென்றால் மறுபடி ஆடினேன். அடுப்பில் பால் பொங்கும்போதே வாசலில் ஆள் கூப்பிட, தொலைபேசியும் அடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. சுரங்கமும் தோண்ட வேண்டும், காவலும் போட வேண்டும். எதிரி நமக்காக நிற்பதில்லை. பயமாய் இருந்தது, ஆனால் எழுந்திருக்க மனமில்லை.

முறை வைக்காதே, கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு. மாடி அறையை உங்கள் மூவருக்கும் துடைத்து வைத்திருக்கிறேன். அம்மா அங்கே தொட்டிலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அப்பா