மேலே ஒரு ஓட்டை

ஆம்பூர்,
5-6-1967, திங்கள், மாலை 5.40

அன்புள்ள பொன்மலர்,

கிடங்குக் கணக்கு அட்டைகள் 1,860. மெட்ராஸ் கம்ப்யூட்டர் இவற்றில் ஒன்றைக்கூடப் படிக்காது. இன்று காலைதான் தெரிந்தது. எங்கள் தோல் கம்பெனியின் பழைய மெஷின் எண்களை அட்டையில் வட்ட ஓட்டைகளாகக் குத்துகிறது. மெட்ராஸ்காரனுடையது நீள ஓட்டையை மட்டும்தான் பார்க்கும். அங்கே ஆறு மாதம் புரோகிராம் எழுதப் படித்த எனக்கு இதை முன்னாலேயே கேட்கத் தோன்றவில்லை. மானேஜர் கிருஷ்ணராஜிடம், கிடங்கில் எத்தனை தோல் இருக்கிறதென்று பத்தே நாளில் கம்ப்யூட்டரே சொல்லும் என்று மார்தட்டியாயிற்று. இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது?

உன் ஆபீஸில் நீள ஓட்டை மெஷின் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு எங்கள் அட்டையைப் பார்த்து உன் மெஷினில் குத்தித் தருவாயா? பெட்டியை எங்கள் குமாஸ்தா அமீர் பாஷா பஸ்ஸில் கொண்டுவருவார். கல்யாணத்துக்கு முன்பே வேலை வாங்குகிறான் என்று உன் அப்பா நினைப்பார். அவரிடம் சொல்ல வேண்டாம்.

கூச்சத்துடன்,
ஜெபராஜ்


வேலூர்,
12-6-1967

அன்பு மிகுந்த உங்களுக்கு,

நேற்று கோயில் ஆராதனையில், மூன்று ஞாயிறு வாசிக்கும் நம் கல்யாண ஓலையில் முதலாவதைப் பாதிரி ஐயர் வாசித்தார். இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று அவர் நிறுத்திய நேரம் பார்த்துத் தங்கை கிரேஸி இருமிவிட்டாள். பாட்டுக் குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்மா அவள் தொடையைக் கிள்ளியதில் வீடு வரும்வரை அழுகை.

சூப்பர்வைசர் சாவித்திரி அம்மா சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார்கள். பாதிக்கு மேல் குத்திவிட்டேன். ஒரு சந்தேகம். சில அட்டைகளில் கடைசி எண்ணுக்கு மேலே இன்னொரு ஓட்டை இருக்கிறது. அது கழித்தல் குறியா? அதே இடத்தில் நான் குத்தினால் எங்கள் மெஷினில் எண் போய் எழுத்து வந்துவிடுகிறது. உங்கள் பதில் வரும்வரை அவற்றைத் தனியே வைத்திருக்கிறேன்.

மழையில் நனையாதீர்கள்.

உங்கள்,
பொன்மலர்


ஆம்பூர்,
13-6-1967

பொன்மலர்,

எண்ணை மட்டும் குத்து. மேல் ஓட்டையை விட்டுவிடு. ஒவ்வொன்றுக்கும் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் பேஜார்தான். யோசிக்கிற வேலை என்னுடையது, குத்துகிற வேலை உன்னுடையது. வியாழக்கிழமை பெட்டி வேண்டும்.

அவசரத்தில்,
ஜெபராஜ்


வேலூர்,
20-6-1967

ஜெபராஜ் அவர்களுக்கு,

நேற்று அமீர் பாஷா உங்கள் மானேஜரின் கடிதத்தோடு வந்தார். கழித்துப்போட்ட தோலையெல்லாம் கம்ப்யூட்டர் கூட்டிவிட்டதாம். இல்லாத தோலைக் கப்பலில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். வேலூர்ப் பெண் தப்பாகக் குத்திவிட்டாள் என்று நீங்கள் சொன்னதாக அதில் எழுதியிருந்தது. சாவித்திரி அம்மா அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். இனி மெஷினைத் தொடவேண்டாம் என்று என்னை ஃபைல் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் 13-ம் தேதிக் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால், "இவனையா கட்டிக்கொள்ளப் போகிறாய்?" என்று கேட்டிருப்பார்கள்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவது வேண்டாமென்று ஐயரிடம் சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். யோசிக்கிற வேலை உங்களுடையது என்றீர்கள். இதை மட்டும் நானே யோசித்துக்கொள்கிறேன்.

பொன்மலர்


ஆம்பூர்,
22-6-1967, வியாழன்

பொன்மலருக்கு,

அமீர் பாஷா உன் கடிதத்தை மேஜையில் வைத்தார். "இன்னா தம்பி, அந்தப் பொண்ணு உன்னைக் காட்டிக் கொடுக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மேல் ஓட்டை கழித்தல்தான். எங்கள் மெஷின் அதை எண்ணின் தலையில் வைக்கிறது. என் புரோகிராம் அதை எண்ணுக்கு முன்னால், தனிக் கட்டத்தில் எதிர்பார்க்கிறது. அந்தக் கட்டத்தில் குத்து என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீ கழித்தல் என்று எழுதியிருந்ததையே நான் படிக்கவில்லை. சந்தேகம் என்ற சொல்லைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. கிரேஸி இருமியதையே இன்றுதான் படித்தேன்.

மானேஜர் கேட்டபோது யோசித்துப் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது. தானாகவே வாயில் வந்தது. நான் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்றுகூடச் சொல்லவில்லை, 'வேலூர்ப் பெண்' என்றேன்.

மன்னிப்புக் கேட்டு உன்னை இன்னொரு பதில் எழுத வைக்க மாட்டேன். செய்யப் போவதை மட்டும் எழுதுகிறேன்.

1. நாளை காலை மானேஜரிடம், தப்பு என்னுடையது என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

2. சனிக்கிழமை உன் ஆபீஸுக்கு வந்து, அந்தக் கடிதம் யார் யார் காதில் விழுந்ததோ அவர்கள் எல்லோர் முன்னாலும் அதையே சொல்வேன். நீ அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை.

3. மேல் ஓட்டை அட்டைகளை மெட்ராஸில் உட்கார்ந்து நானே குத்துவேன்.

4. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் இருப்பேன். ஓலையில் நம் பெயர் வராவிட்டால் ஆராதனை முடிந்ததும் உன் அம்மாவிடம் போய், தடை நான்தான் என்று சொல்வேன். அதை உன்னைச் சொல்ல விடமாட்டேன்.

ஜெபராஜ்