கதிரேசன் அண்ணன் தொடாத வயர்

3 அக்டோபர், வெள்ளி

காலையிலிருந்து ஒரு கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டு. கிணத்துக்கடவு பால் நிலையத்தில் தொட்டிகளைக் குளிரவைக்கும் கம்ப்யூட்டர் பேச மறுக்கிறது. கரண்ட் போய் வந்ததில் நெட்டும் செத்துவிட்டது. துடியலூர் ஆபீசிலிருந்து நாங்கள் கட்டளை கொடுத்தால்தான் குளிரூட்டி மறுபடி ஓடும். நெட் இல்லாத நேரத்துக்கென்றே சீரியல் கன்சோல் வைத்திருக்கிறோம்: சிம் போட்ட ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். இங்கிருந்து எத்தனை முறை என்டர் தட்டினாலும் பதில் இல்லை. ஒரே ஒரு முறை கிறுக்கலாக நாலு எழுத்து வந்தது.

அங்கே மெஷின் ரூமைப் பார்த்துக்கொள்ளும் கதிரேசன் அண்ணனை வயரைப் பிடுங்கி மறுபடி சொருகச் சொன்னேன். சொருகிவிட்டுப் போட்டோ அனுப்பினார். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைப் பளபளவென்று துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். எனக்கு எரிச்சல்.

"தொடைக்கறப்ப வயரக் கழட்டுனீங்களாண்ணா?"

"இல்லீங்க அம்மணி. அப்ப வயரத் தொடவே இல்லீங்க. பாலு சூடாகிட்டே போகுதுங்க, சீக்கிரம் பாருங்க."

நம்பவில்லை.

4 அக்டோபர், சனி

புது ரவுட்டர் மாட்டியதும் நெட் வந்தது. ஒரு தொட்டிப் பால் நேற்றே திரிந்துவிட்டது. பால் நிலைய மேனேஜர் அப்புசாமி அறிக்கை கேட்டார். 'பூஜைக்குத் துடைத்தபோது வயர் அசைந்ததே காரணம்' என்று எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை.

8 அக்டோபர், புதன்

கதிரேசன் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தவர்.

14 அக்டோபர், செவ்வாய்

வயரையே புதிதாக மாற்றியும் கன்சோல் கறுப்பாகவே இருந்தது. கடைசியில் நெட் வழியாகக் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். கன்சோல் வேகம் 9600 இருந்த இடத்தில் 115200. மாற்றிய நாள் செப்டம்பர் 30, மாலை ஐந்தே முக்கால். மாற்றியவர் லோகப்பிரியா.

நான்.

இரண்டு பக்கமும் ஒரே வேகம் இருந்தால்தான் பேச்சு நடக்கும். கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டு, பெட்டியில் அப்புறம் மாற்றலாம் என்று ஆபீஸ் பூஜைக்குப் பொரி பொட்டலம் கட்டப் போய்விட்டேன். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழும் வரை பழைய வேகமே ஓடும். அதனால் கரண்ட் போகும் வரை தெரியவில்லை. இன்று பெட்டியிலும் மாற்றினேன். உடனே எழுத்து வந்தது.

வயர் கழன்றால் ஒன்றுமே வராது. கிறுக்கல் வந்தால் வேகம் பொருந்தவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் படித்தது இது. குங்குமப் பொட்டைப் பார்த்ததும் மறந்துபோச்சா? இல்ல, அவர் மேல பழி போடறது லேசா இருந்துச்சா?

15 அக்டோபர், புதன்

எங்கள் ஆபீஸ் தலைவி ரங்கநாயகி மேடத்திடம் சொன்னேன். "அதான் சரியாயிடுச்சுல்ல கண்ணு, இனி எதுக்குக் கெளர்றே?" என்றார். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அசிங்கமாக இருக்கிறது.

19 அக்டோபர், ஞாயிறு

அப்புசாமிக்கு உண்மையை எழுத நினைத்து இன்றும் எழுதவில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்தேன்.

24 அக்டோபர், வெள்ளி

எழுதிவிட்டேன் — தவறு என்னுடையது, கதிரேசன் மேல் குற்றமில்லை என்று. மேடம் முகம் கொடுக்கவில்லை. மாலையில் அப்புசாமி கூப்பிட்டார். "இப்பச் சொல்லி என்னங்க பண்றது? வேற ஆளப் போட்டாச்சுங்களே."

2 நவம்பர், ஞாயிறு

கிணத்துக்கடவில் அவர் வீட்டுக்கே போனேன். இப்போது சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன். இன்று லீவு. "வாங்க அம்மணி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு உட்காரக் கூசியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, நான் இல்லீங்களா?" என்றார். உள்ளே பார்த்து, "பொற்கொடி, இங்க வா. அம்மணி சொல்றதக் கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார். மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க, நீங்கதானே கழட்டிப்போட்டேன்னு சொன்னீங்க? ஒரு மாசமா உங்களப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டனே. செய்யாததுக்கு எதுக்கு ஆமான்னீங்க?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "எனக்கு நெனப்பு இல்லதான். ஆனா படிச்சவங்க எழுதிக் குடுத்திருக்காங்கன்னா, நாந்தான் எங்கயோ கைய வெச்சிருப்பேன்னு நெனச்சுப்போட்டேன்."