ஹ்ராபக் வீட்டில் இரண்டு பூஜ்யம்

லாரல் ஃபோர்ட், பென்சில்வேனியா
மே 3, 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டபடி, வீட்டில் நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். தொலைபேசியில் அம்மா "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டாள்.

முதல் உண்மை: வீட்டை விற்க வேண்டாம் என்பது என் ஆசை. அதனால் நான் எழுதுவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் போட்ட சைக்கிள் பாதையில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சனிக்கிழமை பாலத்தில் நின்று எண்ணினேன்: அறுபத்தொரு சைக்கிள், மூட்டை சுமந்து ஊர் ஊராக நடந்து போகும் நடையாளர்கள் பதினான்கு பேர். நாம் வாடகைக்கு விடும் மாடி அறைகள் இரண்டும் நிறைந்துவிட்டன. ஐந்தே பேர், அம்மாவின் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, அந்தப் பியரோகியில் நாற்பத்திரண்டைத் தின்றார்கள்; அம்மா மறுபடி மாவு பிசைந்து உருளைக்கிழங்கு வேகவைத்தாள். முடிதிருத்தும் கோவாச் சீப்புகளுக்குப் பக்கத்தில் சைக்கிள் டியூப் தொங்கவிட்டிருக்கிறார். "முடி வெட்டிக்க ரெண்டு பேர் வந்தாங்க, டியூப் கேட்டு ஏழு பேர் வந்தாங்க. நான் இனிமே யாருன்னு எனக்கே தெரியல" என்கிறார். மூடிக் கிடந்த சலவைக்கடையை மறுபடி திறந்துவிட்டார்கள். கண்ணாடித் தொழிற்சாலை மூடிய பிறகு நம் தெருவில் இத்தனை குரல்களை நான் கேட்டதில்லை.

உங்கள் அன்பு மகள்,
பெத்ரா

வில்லிஸ்டன், வடக்கு டகோட்டா
மே 11, 2009

என் செல்லப் பெத்ராவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்கப் படித்தேன். பியரோகி வந்த இடத்தில் எண்ணெய்க் கிணற்று ஆட்கள் எல்லோரும் நாக்கில் எச்சில் ஊறி என்னைத் திட்டினார்கள்.

ஆனால் கண்ணே, பனி விழுந்தால் அந்தச் சைக்கிள்கள் எங்கே போகும்? இங்கே வருடம் முழுக்க வேலை இருக்கிறது. நாம் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். நம் வீட்டை விலைக்குக் கேட்பவர் ஜூன் முதல் தேதிவரைதான் பொறுப்பார். என் கையெழுத்தைப் போட்டு விற்பனைப் பத்திரத்தை அனுப்பிவிட்டேன். அம்மாவும் போட்டால் முடிந்தது.

தங்கிப் போகிறவர்கள் நம் வீட்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா

லாரல் ஃபோர்ட்
மே 21, 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விருந்தினர்கள் எழுதிப் போகும் நோட்டை நேற்றுத்தான் அம்மா பிரித்துப் பார்த்தாள். "ஹ்ராபக் வீட்டில் ஒரு பூஜ்யம்" என்று ஒருவர். "எங்களுக்கு இரண்டு பூஜ்யம்" என்று ஒரு தம்பதி. நம் குடும்பப் பெயரைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

"மூணு தடவை தட்டை நீட்டினாங்க. கட்டிப்பிடிச்சிட்டுத்தான் போனாங்க. அப்புறம் பூஜ்யமா?" என்றாள் அம்மா.

கோவாச் எரிகிற தீயில் எண்ணெய் விட்டார். "பத்துக்குப் பூஜ்யம் வாங்கற அளவுக்கு என்னம்மா பண்ணினே? மெத்தையில மூட்டைப்பூச்சியா?"

அம்மா வாசலில் மாட்டியிருந்த "அறை வாடகைக்கு" பலகையைக் கழற்றிவிட்டாள். பத்திரம் வந்துவிட்டது. திங்கள் விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போடப்போகிறாளாம்.

பெத்ரா

லாரல் ஃபோர்ட்
மே 26, 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

வரிசையாகச் சொல்ல வேண்டும், கை ஓடுகிற வேகத்துக்கு எழுத்து கோணலாகிறது. மன்னியுங்கள்.

சனிக்கிழமை டெல்ஃபின் என்று ஒரு பெண்மணி வந்தார். ஒஹையோவில் நர்ஸ். முதுகில் அவர் உயரத்துக்கு மூட்டை. பலகை இல்லாமலே கதவைத் தட்டினார்.

"மிசஸ் ஹ்ராபக் வீடு இதானே? இங்க ரெண்டு பூஜ்யம் போடணும்னே மூணு நாளா விடாம நடந்து வந்தேன்."

அம்மாவின் முகம் சிவந்தது. "வாசல்லயே வந்து சொல்றீங்களா? தாராளமாப் போடுங்க. மூணாவே போட்டுக்குங்க."

"மூணு போட ஆசைதான். லீவு இல்லையே."

"லீவு எதுக்குங்க? பேனா தர்றேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான்தான் கேட்டேன், பூஜ்யம் என்றால் என்ன என்று.

"நடக்காம உக்கார்ற நாள்மா. அன்னிக்குப் போன மைல் பூஜ்யம். கண்ட ஊர்லயும் போடமாட்டோம். கிளம்ப மனசு வராத ஊர்லதான் போடுவோம்."

அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பலகையை மாட்டினாள். அரை மணியில் நான்கு சைக்கிள்காரர்கள் வந்து நின்றார்கள். மாடி போதாமல் உங்கள் அறையையும் என் அறையையும் கொடுத்துவிட்டோம்.

பனிக்காலத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா எங்கள் பள்ளிச் சமையலறையில் அந்த மாதங்களுக்கு வேலை கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை. இதுவும் உண்மை.

இன்று காலை பத்திரத்தை மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நான்காக மடித்து உறையில் போட்டு என்னிடம் தந்தாள். "உன் அப்பாவுக்கு எழுது. நான் கையெழுத்துப் போடல. கோபம்னா நேர்ல வந்து கோபப்படச் சொல்லு. ஆனா சொல்லிட்டு வரச் சொல்லு, அவர் கட்டில்லயும் ஆள் இருக்கு."

உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, அப்பா. நீங்கள் இல்லாத வீட்டைக் காப்பாற்ற எனக்கு ஆசை இல்லை. நீங்கள் இருக்கிற வீட்டைத்தான்.

நடையாளர்கள் கோழிகளைப் போல, இருட்டும் முன்பே அடைந்துவிடுகிறார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது, மாடியில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.

உங்கள்,
பெத்ரா