பனி உருகும்வரை ஸ்டார்ட் பண்ண முடியாது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், இரண்டு பேரும் பாதியில் வைத்துவிடுவோம். கடிதம் என்றால் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

படகை விற்கவில்லை. நீ பேசி அனுப்பிய ஆள் சனிக்கிழமை வந்தார், பார்த்தார், வெறுங்கையோடு போனார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் உன் மேல்தான்.

அந்தப் படகை நான் எப்படித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும். வாங்கி வந்த அன்றே அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தவள் நான். லீவு நாள் விடிந்தால் ஏரியில் அதுவும் அப்பாவும், வீட்டில் நானும் துணி மூட்டையும். விற்றால் அம்மா சந்தோஷப்படுவாள் என்று நீ நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் என்னிடம் கேட்டிருக்கலாம். அப்பாவிடம் கேட்டே இருக்க வேண்டும். பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் பேச்சும்தான் விழுந்தது. புத்தி எங்கேயும் போய்விடவில்லை.

ஆள் வருகிறார் என்று நீ சொன்ன அன்று அப்பா சாப்பிடவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சைகை காட்டி, வாசலில் டிரெய்லர் வண்டியில் நிற்கும் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்காமல் யாரும் படகு வாங்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் அப்பா இன்ஜினைத் தூங்கப் போடுவாரே, அந்த வேலையை முடித்துவிட்டால் பனி உருகும்வரை அதை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஆள் வருவதற்குள் முடித்துவிடுவது என்று இறங்கிவிட்டேன்.

அவரைக் கம்பளியில் சுற்றி வாசலில் உட்கார வைத்தேன். பெட்ரோல் கெடாமலிருக்க ஊற்றும் மருந்தை டேங்கில் கலந்தேன். குழாய்த் தண்ணீரைக் கொடுத்து இன்ஜினை ஓடவிட்டுக் கழுவினேன். ஓடும்போதே உள்ளே காப்பு எண்ணெயை அடித்து நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் இடது கையால் வழி காட்டுவார். தப்பாகச் செய்தால் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு. நானும் பதிலுக்கு முறைப்பேன்.

கியர் ஆயில் மாற்றும்போதுதான் மானம் போனது. அடியில் ஒரு திருகு, மேலே ஒரு திருகு. பழையதை வடித்துவிட்டுப் புதியதை மேலிருந்து ஊற்றினேன். காலமெல்லாம் பாட்டிலில் எண்ணெய் ஊற்றியவளுக்கு வேறென்ன தெரியும்? அது உள்ளே இறங்காமல் குமிழி விட்டு என் முகத்திலேயே கக்கியது. அடித்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்போது நிறுத்த வேண்டுமாம். தட்டு விழும் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நான் பார்த்த முதல் சிரிப்பு. நீ தலைகீழாக நின்றாலும் இந்தப் படகு போகாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வந்தவர், "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கம்மா, சத்தம் கேட்டுட்டு முடிச்சிடலாம்" என்றார். "எண்ணெய் அடிச்சுத் தூங்க வச்சாச்சுங்க. இப்ப எழுப்பினா மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்" என்றேன். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நம்பவில்லை. படகுக்குள் தண்ணீர் தங்காமல் வடிய அடித்துளையின் அடைப்பானைக் கழற்றியிருக்கிறேனா, அதன் மூக்கு உயர்ந்திருக்கிறதா, தார்ப்பாய்க்குள் காற்றுப் போக வழி உண்டா என்று குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. பனி உருகியதும் வருவதாகச் சொன்னார். "தாராளமா வாங்க. விக்க மாட்டோம், ஒரு சுத்து கூட்டிட்டுப் போறோம். நான்தான் ஓட்டுவேன்" என்றேன். அப்பா தரையில் ஒரு தட்டுத் தட்டினார். சம்மதமா பயமா என்று இன்றுவரை சொல்லவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. படகு ஓட்டும் உரிமத்துக்கு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் எல்லாரும் உன்னைவிடச் சின்னவர்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த கோடை என்று நான் பேச்செடுத்தாலே அப்பாவின் டாக்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு காகிதத்தைப் புரட்டுகிறார். அவரும் புரட்டட்டும். எங்களுக்குக் கோடையில் வேலை இருக்கிறது.

கோபத்தில் எழுதினாலும் உங்கள் இருவரையும் வாழ்த்தாமல் முடிக்க மனம் வரவில்லை. நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். படகின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். சார்ஜ் இறங்காமல் பார்ப்பது அப்பாவின் பொறுப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். அடுத்த முறை போன் செய்யும்போது, மாத்திரை போட்டாரா என்று என்னிடம் விசாரிக்காதே. அவரையே கூப்பிட்டு, பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேள். பதில் வர நேரமாகும். அதுவரை போனை வைத்துவிடாதே.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா