கூடுதல் தரவு

நாள் 1. காலை 09:10

நிலவின் தென்முனை, மேட்டுக் கோபுரம். அளவைத் துறை ஆய்வாளர் ஜெசிந்தா அமலதாஸ் எழுதுவது. விதிப்படி இந்தக் குறிப்பேடு கோபுர அறையிலேயே இருக்கும், அடுத்து வருகிறவர் படிப்பதற்காக.

கீழே, சூரியன் எட்டாத பள்ளத்தில் வெண்கோள் நிறுவனத்தின் பனிச்சுரங்கம். தொழிலாளர்கள் முப்பத்தெட்டு பேர். ஒவ்வொருவரின் கைபேசியும் பாதுகாப்பு உடையும் ஒரே எண்ணில் இயங்குகின்றன. இந்தக் கோபுரம் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். ஆளுக்கு மாதம் ஆறு ஜிபி. அதைத் தாண்டினால் 'கூடுதல் தரவு' என்று சம்பளத்தில் பிடித்தம். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. வரம்பைத் தொட்டால் இணைப்பு நின்றுவிடும்.

ஆறு ஜிபி பதினோரு நாளில் தீர்ந்துபோகிறது என்பது தொழிலாளர்களின் புகார். திருட்டுத்தனமாகப் படம் பார்க்கிறார்கள் என்பது நிறுவனத்தின் பதில். தரவுமானி சரியாக எண்ணுகிறதா என்று பார்த்து நான் முத்திரை வைக்க வேண்டும். பதினான்கு நாள் வேலை.

அறையிலிருந்தே முதல் சோதனை. நூறு எம்பி கோப்பு ஒன்றை அனுப்பினேன். மானி காட்டியது 100.3. அனுமதிக்கப்பட்ட பிழைக்குள் இருக்கிறது.

தூத்துக்குடியில் பெட்ரோல் பங்க்குகளில் ஐந்து லிட்டர் அளவைக் குவளையோடு பதினாறு வருடம் அலைந்தவள் நான். மானி பொய் சொல்லும் இடம் மானிக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. கீழேயும் அளக்க வேண்டும்.

நாள் 3. காலை 10:40

கீழே போக எனக்கு அனுமதி இல்லை. சோதனைக் கைபேசியை எடுத்துச் செல்ல இருளப்பன் என்ற பனிவெட்டும் தொழிலாளி முன்வந்தார். முதுகுளத்தூர் பக்கம். வயது நாற்பத்திரண்டு. கைபேசியில் முதல் பேச்சு:

"மேடம், ஒங்க போனு குளுருல செத்துப்போச்சு. முழிக்கவே மாட்டேங்குது. என் போனுலயே அனுப்பவா?"

அவருடைய கணக்கில் பிடிக்கும் என்றேன்.

"பிடிச்சுட்டுப் போறான். எப்பிடியும் பிடிக்கத்தான செய்யிறான். என்னத்தப் பிடிக்கிறான்னாச்சும் தெரியட்டும்."

நாள் 4. காலை 11:25

ஏழாம் குகைவழியிலிருந்து இருளப்பன் நூறு எம்பி அனுப்பினார். இங்கே முழுக் கோப்பும் வந்து சேர்ந்தது. அளவு நூறு.

மானி காட்டியது 318.

திரும்ப அனுப்பச் சொன்னேன். 302. இன்னொரு முறை. 327.

நான்கு எட்டு வைத்தால் இந்த அறை முடிந்துவிடும். காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறேன்.

நாள் 5. மதியம் 13:00

காரணம் தெரிந்துவிட்டது. செய்தி துண்டு துண்டாகத்தான் வருகிறது. பள்ளத்தில் அலை பலவீனம். பாதித் துண்டுகள் உடைந்து வருகின்றன. உடைந்ததைத் திரும்ப அனுப்பு என்று கோபுரம் கேட்கிறது. அது சரிதான். ஆனால் வந்த துண்டு முழுசா உடைசலா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே மானி அதை எண்ணிவிடுகிறது. மூன்றாம் தடவை முழுசாக வந்தால் மூன்றுக்கும் கணக்கு. மேட்டில் நிற்பவனுக்கு ஒன்றுக்கு ஒன்று. பள்ளத்தில் நிற்பவனுக்கு ஒன்றுக்கு மூன்று. பனி வெட்டுகிறவர்கள் எல்லாரும் பள்ளத்தில்தான் நிற்கிறார்கள்.

என் சோதனைகளால் இருளப்பனின் மாதக் கணக்கில் மிச்சம் இருந்ததும் தீர்ந்து, கூடுதல் தரவின் உச்சவரம்பும் தீர்ந்துவிட்டது. அதைத் திருப்பித் தரும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். தளத்தின் கம்பித் தொலைபேசியிலிருந்து என் எண்ணைக் கூப்பிட்டுச் சிரித்தார். "விடுங்க மேடம். எனக்கு யாரு போன் பண்ணப் போறா?"

பிறகு அவராகவே சொன்னார். அவர் தங்கை புருஷன் தவசியும் இங்கேதான் வேலை பார்த்தாராம். நான்கு மாதம் முன்பு மூன்றாம் குகைவழியில் பனி சரிந்து இறந்துபோனார். தவசி பாதுகாப்பு உடையில் இருக்கும் ஆபத்துப் பொத்தானை அழுத்தவே இல்லை என்கிறது விசாரணை அறிக்கை.

"அழுத்தாமக் கெடந்து சாகுறதுக்கு அவன் என்ன கிறுக்கனா மேடம்?"

நாள் 6. காலை 09:50

மானியின் உள்பதிவைத் திறந்தேன். தவசியின் எண்ணையும் அந்தத் தேதியையும் கொடுத்தேன்.

தவசி அழுத்தியிருக்கிறார்.

ஆபத்துச் செய்திக்குக் கட்டணம் இல்லை. அதற்கென்று ஒரு குறி உண்டு. ஆனால் அந்தக் குறி முதல் தடவை அனுப்பும் துண்டில் மட்டும்தான் இருக்கிறது. உடைந்ததைத் திரும்ப அனுப்பும்போது குறி இல்லை. அது சாதாரணத் தரவாகி, கூடுதல் தரவில் ஏறியிருக்கிறது. காலை 10:17:04-க்கு முதல் மறு அனுப்பு. 10:31:50-க்கு நாற்பத்தொன்றாவது. அத்தோடு உச்சவரம்பு முடிந்தது. அடுத்த வரியிலிருந்து ஒரே சொல். மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். கடைசி வரி 11:08.

ஐம்பத்தொரு நிமிடம். நான் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலிக்கு எதிரில் இந்தப் பெட்டி அதை எண்ணிக்கொண்டிருந்தது.

உள்பதிவை வெளியே எடுக்க நிறுவனத்தின் திறவுச்சொல் வேண்டும். திரையைப் படம் எடுத்தால் அது ஆவணம் ஆகாது. நாற்பத்தொரு நேரங்களையும் இந்தக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் கையால் எழுதிவைத்தேன். எழுதிமுடிக்க அரைமணி ஆனது. பதினெட்டாம் வரியில் தவறிப்போய் அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

நாள் 7. மாலை 16:15

திறவுச்சொல் கேட்டிருந்தேன். நிறுவனத்தின் கட்டணப் பிரிவுத் தலைவர் ரகோத்தமன் சென்னையிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்.

"ஜெசிந்தா மேடம், ஒப்பந்தத்துல என்ன இருக்கு? 'கோபுரத்தை வந்தடையும் தரவு'. உடைஞ்சு வந்தாலும் வந்ததுதானே? வந்ததை மானி எண்ணுது. கரெக்டா எண்ணுது. நீங்க மானியை செக் பண்ணத்தான் வந்திருக்கீங்க, சிஸ்டத்தை இல்ல. சர்டிஃபிகேட்டைப் போட்டுட்டு நல்லபடியா ஊர் வந்து சேருங்க."

என் துறைக்கு அனுப்பிய அறிக்கைக்கும் பதில் வந்தது. நிறுவனத்தின் விளக்கத்தையும் இணைத்து மீண்டும் அனுப்ப வேண்டுமாம்.

தூக்கம் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தபடியே கிடக்கிறது. தவசி அழுத்திய விவரத்தை இருளப்பனிடம் இன்னும் சொல்லவில்லை. கையில் ஆவணம் வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன். இந்தக் காரணம் எனக்கே பிடிக்கவில்லை.

நாள் 9. காலை 10:02

மானித் திரையில் மறுப்புகள். ஓடிக்கொண்டே இருக்கின்றன. எண் இருளப்பனுடையது.

10:04

தளத்தின் காவல் அறையைக் கூப்பிட்டேன். அவர்களுக்கு எந்த ஆபத்துச் செய்தியும் வரவில்லையாம். வராதுதான். எந்தக் குகைவழியில் வேலை என்று கேட்டேன்.

"இன்னைக்கு அவரு பராமரிப்பு ஷிப்ட்டு மேடம். எங்க வேணா இருப்பாரு. மொத்தம் ஒம்பது வழி, ஒவ்வொண்ணும் மூணு கிலோமீட்டரு. எதுல போய்த் தேடுறது?"

இருக்கும் இடம் அந்தச் செய்திக்குள்தான் இருக்கிறது. செய்தி என் முன்னால் துண்டுதுண்டாக வந்து விழுகிறது. மானி திருப்பித் தள்ளுகிறது.

10:06

அவர் கணக்கைத் திறந்துவிடச் சொல்லி சென்னைக்கு அவசரச் செய்தி. தானியங்கி பதில்: தங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது, இரண்டு வேலை நாட்கள்.

அந்தக் கணக்கைத் தீர்த்தவள் நான். மூன்று தடவை அனுப்பச் சொன்னேன். ஒன்றே போதுமாயிருந்தது.

10:08

வழி ஒன்று இருக்கிறது. மானியைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிடலாம். எண்ணுவதற்கு ஆள் இல்லாவிட்டால் மறுப்பதற்கும் ஆள் இல்லை. ஆனால் மின்சாரம் போனால் உள்பதிவு அழிந்துவிடும். தவசியின் நாற்பத்தொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு, எல்லாம் போய்விடும். மானியின் பழைய முத்திரையை உடைத்த ஆய்வாளரின் கையெழுத்துக் குறிப்பை எவன் மதிப்பான்?

மறுப்பு எழுபதைத் தாண்டிவிட்டது.

10:09

திருப்புளியை எடுத்துவிட்டேன்.

10:13

கழற்றியாயிற்று. முத்திரைக் கம்பி அறுந்தபோது விரல் கிழிந்தது. நேர் இணைப்பு. முதல் துண்டு, உடைசல். திரும்ப. உடைசல். திரும்ப. வந்தது.

10:14

ஐந்தாம் குகைவழி, 2.2 கிலோமீட்டர். காவல் அறைக்குச் சொல்லிவிட்டேன். வண்டி புறப்பட்டது. இப்போது அவர் குரலே வருகிறது:

"யாராச்சும் இருக்கீகளா... காலு ரெண்டும் அடியில மாட்டிக்கிச்சு... சூடு போயிக்கிட்டு இருக்கு..."

இருக்கிறேன் என்றேன். வண்டி வருகிறது என்றேன்.

"மேடமா? பேசுங்க மேடம். என்னத்தையாச்சும் பேசிக்கிட்டே இருங்க."

பெட்ரோல் பங்க்குகளைப் பற்றிப் பேசினேன்.

10:41

எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. வலது கால் தேறுவது சந்தேகம் என்கிறார்கள்.

மானியைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன். உள்பதிவில் வரிகள்: பூச்சியம். மறுபடியும் கழற்றி நேர் இணைப்பாகவே விட்டுவிட்டேன்.

நாள் 10. காலை 09:30

ரகோத்தமன்: "சீலை உடைச்சிருக்கீங்க. டேட்டாவை அழிச்சிருக்கீங்க. உங்க ரிப்போர்ட் இனி செல்லாது, இது உங்களுக்கே தெரியும். கோபுரத்துல மாற்று மானி இருக்கு. இன்னைக்கு பன்னெண்டு மணிக்கு இங்கிருந்தே ஆன் பண்றோம். நாளைக்கு இறங்குகலத்துல வேற ஆள் வர்றார். பொறுப்பை ஒப்படைச்சிடுங்க."

பன்னிரண்டு மணி வரை வழி திறந்திருக்கிறது.

10:20

மருத்துவ அறையில் இருக்கும் இருளப்பனிடம் தவசியைப் பற்றிச் சொன்னேன். நாற்பத்தொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு, எல்லாம். பதிவு இப்போது இல்லை என்பதையும் சொன்னேன். பிறகு தங்கையின் எண்ணைச் சொன்னார்.

"நீங்களே சொல்லுங்க மேடம். என்னால ஆகாது."

11:15

பூமயில். தவசியின் மனைவி. நான் பேசுவது பூமிக்குப் போய் அவர் பதில் வர மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியைச் சகிக்க முடியவில்லை. உங்கள் கணவர் பொத்தானை அழுத்தினார் என்றேன். திரும்பத் திரும்ப வந்த செய்தியை இங்கே கூடுதல் தரவாக எண்ணிவிட்டார்கள், நாற்பத்தொரு தடவை, அதோடு வழியை அடைத்துவிட்டார்கள் என்றேன்.

மூன்று விநாடி. ஆறு. பத்து.

"நாப்பத்தொண்ணா?"

ஆமாம் என்றேன்.

"அந்த பில்லு எங்கிட்ட இருக்கும்மா."

எனக்குப் புரியவில்லை.

"அவுக செத்து மறுமாசம் கம்பெனிக்காரவுக பணம் குடுத்தாக. அதுல கொஞ்சம் பிடிச்சுக்கிட்டாக. என்னத்துக்குன்னு கேட்டேன். ஒரு காயிதத்தக் குடுத்தாக. கூடுதல் தரவு, கூடுதல் தரவுன்னு வரிசையா இருக்கு. நேரம் போட்டு. அவுக செத்த அன்னைக்கித் தேதி. படம் பாத்துருப்பாருன்னு சொன்னாக. சாகுற நேரத்துல என்னத்தப் படம் பாத்தாகன்னு நானும் நெனச்சேன். கேக்குறதுக்கு ஆளு இல்ல."

முதல் வரியை வாசிக்கச் சொன்னேன்.

"பத்து, பதினேழு, நாலு."

நிறுவனத்தின் காகிதம். நிறுவனத்தின் முத்திரை. என் குறிப்பைச் செல்லாது என்று சொல்லலாம். வசூல் செய்த பில்லை அவர்களால் மறுக்க முடியாது.

11:32

ஒவ்வொரு வரியாக வாசிக்கிறார். பின்பக்கத்தில் நான் எழுதியதோடு ஒப்பிட்டுக் குறி இடுகிறேன். அவசரப்படுத்த மனம் வரவில்லை. சில வரிகளுக்கு நடுவே நிறுத்திவிடுகிறார். பதினெட்டு: சரி. நான் அடித்துத் திருத்தியதும் சரி. ஒருமுறை வாசிப்பதை நிறுத்தி, "அவ்வளவு நேரமா முழிச்சுக் கெடந்தாக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

11:51

"இருவத்தேழு. பத்து, இருவத்தாறு..."

அறுந்துவிட்டது. மாற்று மானியின் விளக்கு எரிகிறது. பன்னிரண்டுக்கு என்றார்கள். ஒன்பது நிமிடம் முன்பே இயக்கிவிட்டார்கள். என் எண்ணுக்கு இணைப்பு இல்லை. காரணம்: கூடுதல் தரவு உச்சவரம்பு. இப்போதுதான் எரிந்த மானி என் கணக்கில் ஒரு எம்பிகூட எண்ணியிருக்க முடியாது.

12:05

இதைப் படிப்பவர் நாளை வரும் அந்த வேறு ஆளாகவே இருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன். ஒப்பிட்ட இருபத்தாறு வரிகளும் விநாடி பிசகாமல் பொருந்தின. மீதிப் பதினைந்து பூமயிலிடம் இருக்கின்றன. முதுகுளத்தூர், மேலத்தெரு, பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு. விதியை மீறியாவது இந்த ஏட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படாது. மாற்று மானியும் அதே வகை. உடைந்ததையும் எண்ணும் வகை. அதற்கு முத்திரை வைக்காதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

12:11

மாற்று மானியின் திரையில் 'மறுக்கப்பட்டது' என்று ஒரு வரி. இருளப்பனின் எண் இல்லை. யாருடையது என்று பட்டியலில் தேடுகிறேன்.

12:12

நான்கு வரி. வேறு யாரோ கீழே அழுத்துகிறார்கள். காவல் அறையைக் கூப்பிட என் எண்ணுக்கு வழி இல்லை. கம்பித் தொலைபேசி இந்த அறை வரை இல்லை.

இதையும் கழற்ற வேண்டியதுதான். ஒன்பது. பத்து. திருப்புளியை எங்கே வைத்